வெள்ளி முலாம் டீ செட்டுகள்: பழம்பொருள் வாணிபர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்கள் கடைகளின் கண்ணாடி அலமாரிகளிலும், ஏலக் கூடங்களின் நீண்ட மேஜைகளிலும், வீடு காலி செய்கிறவர்கள் கொண்டுவந்து இறக்கும் பெட்டிகளின் அடியிலும், வேறெந்தப் பொருளைக் காட்டிலும் அதிகமாகத் தவறான பெயரோடு கைமாறுவது வெள்ளி முலாம் பூசிய பழைய ஆங்கில டீ செட்டுதான் என்பது, நெடுங்காலமாக இவ்வஸ்துக்களைப் பார்த்தும் பயின்றும் வருகிற என்னுடைய அபிப்பிராயம். ஒரே விதமான செட்டு ஓரிடத்தில் சுத்த வெள்ளி என்ற பெயரில் விலை போகிறது. மற்றோரிடத்தில் பழைய பித்தளையோடு தராசில் ஏறி, எடைக்குக் காசு பெற்று, உருக்குகிறவனிடம் போய்ச் சேருகிறது. முன்னது வாங்குகிறவருக்குச் செய்யும் அநீதி. பின்னது அதைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கும், அதை உருவாக்கிய கம்மியனுக்கும் செய்யும் அநீதி. இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றே: அப்பாத்திரத்தின் மதிப்பு அதன்மேல் படிந்திருக்கும் வெள்ளியில் இருக்கிறது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்பதையும், மதிப்பு உண்மையில் எங்கே தங்கியிருக்கிறது, அதை எப்படிக் கண்டுகொள்வது என்பதையும் உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

முலாம் என்றால் போலி என்று நினைப்பவர்கள் ஷெப்பீல்டு நகரத்தின் சரித்திரத்தைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். கத்தித் தொழிலுக்குப் பேர்போன அந்த இங்கிலாந்து நகரத்தில், தாமஸ் பௌல்சோவர் என்ற தொழிலாளி 1743-ஆம் ஆண்டு வாக்கில், செம்பும் வெள்ளியும் ஒருங்கே சூடேறும்போது ஒன்றோடொன்று இணைந்துவிடுவதைக் கண்டார். செம்புப் பாளத்தின்மேல் வெள்ளித் தகட்டை வைத்து, கம்பியால் இறுகக் கட்டி, உலையில் ஏற்றி, வெள்ளியின் விளிம்பு உருகிப் பளபளக்கத் தொடங்கும் கணத்தில் வெளியே எடுத்தால், இரண்டு உலோகங்களும் பிரிக்க முடியாதபடி ஒன்றிவிடுகின்றன. பின்பு அந்தப் பாளத்தை உருளைகளுக்கிடையே கொடுத்து எவ்வளவு மெல்லிய தகடாக இழுத்தாலும், ஆரம்பத்தில் இருந்த அதே விகிதத்தில் செம்பும் வெள்ளியும் சேர்ந்தே நீள்கின்றன. பௌல்சோவர் இதைக் கொண்டு பித்தான்களும் சிறு பெட்டிகளுமே செய்தார். ஜோசப் ஹான்காக் என்பவர் அதே முறையைப் பெரிய பாத்திரங்களுக்குப் பிரயோகித்தார். பர்மிங்காமில் மாத்யூ போல்டன் தம்முடைய பெரிய தொழிற்சாலையில் அதை உயர்ந்த கலையாகவே விருத்தி செய்தார். ஏறக்குறைய நூறாண்டு காலம் நிலைத்த இந்தத் தொழிலின் சிருஷ்டிகளைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று பழைய ஷெப்பீல்டு பிளேட் என்று மரியாதையோடு குறிக்கிறார்கள்.

அவ்வகைப் பாத்திரம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் அதை அறியும் வழி அதன் பிறப்பிலேயே இருக்கிறது. முலாம் இட்ட தகட்டிலிருந்து வெட்டி, வளைத்து, பற்றவைத்துச் செய்யப்பட்டதாகையால், கெண்டியின் உடலில், பெரும்பாலும் கைப்பிடி பொருந்தும் பக்கத்தில், ஒரு மூட்டுக்கோடு இருந்தே தீரும். அதை எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருந்தாலும் விளக்கின் எதிரே மெல்லச் சுழற்றிப் பார்த்தால் புலப்படும். தகட்டை வெட்டிய ஓரத்தில் நடுவிலுள்ள செம்பு தெரியுமல்லவா? அதை மறைக்க, வெள்ளியை விளிம்பின்மேல் மடித்துவிடுவதும், பிற்காலத்தில் வெள்ளிக் கம்பியை ஓரம் முழுவதும் பதிப்பதும் வழக்கமாயின. வாய்விளிம்பின் அடியில் நகத்தை ஓட்டினால் அந்த மடிப்பு தட்டுப்படும். குடும்ப முத்திரையைச் செதுக்கினால் உளி செம்புவரை இறங்கிவிடும் என்பதற்காக, அவ்விடத்தில் மட்டும் கெட்டியான வெள்ளித் துண்டு ஒன்றைப் பதித்து, சுற்றிலும் தேய்த்து இணைத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துண்டின் எல்லை, வாயால் மெல்ல ஊதி ஆவி படியச் செய்தால், ஒரு நிமிஷம் தெளிவாகத் தோன்றி மறையும். இதைப் பார்க்கும்போதெல்லாம் அக்கம்மியர்களின் சிரத்தையை எண்ணி என் மனம் வியக்கிறது. வாங்குகிறவர் ஒருநாள் தம் பெயரை வெட்டிக்கொள்ள விரும்பக்கூடும் என்று முன்கூட்டியே நினைத்து அதற்கு இடம் செய்து வைத்தவனுடைய வேலையைப் போலி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

1840-ஆம் ஆண்டு இந்தத் தொழிலின் போக்கையே மாற்றியது. பர்மிங்காமில் ஜார்ஜ் எல்கிங்டன், ஹென்றி எல்கிங்டன் என்ற உறவினர் இருவர், மின்சாரத்தால் வெள்ளி ஏற்றும் முறைக்கு அவ்வாண்டு காப்புரிமை பெற்றார்கள். வெள்ளி சீராகவும் உறுதியாகவும் படிவதற்குப் பொட்டாசியம் சயனைடு கரைசலே ஏற்றது என்று கண்டவர் ஜான் ரைட் என்ற வைத்தியர். இதன்பின், பாத்திரத்தை முதலில் மலிவான உலோகத்தில் முழுவதும் செய்து முடித்து, அதற்கப்புறம் தொட்டியில் அமிழ்த்தி வெள்ளி ஏற்றுவது சாத்தியமாயிற்று. மூட்டுக்கோடும் மடித்த விளிம்பும் பதித்த வெள்ளித் துண்டும் அவசியமற்றவையாயின. பழைய ஷெப்பீல்டு முறை சில ஆண்டுகளுக்குள்ளேயே வழக்கொழிந்தது. பிரான்ஸில் கிறிஸ்டோபிள் என்ற ஸ்தாபனம் எல்கிங்டன் முறைக்கு உரிமை வாங்கிக்கொண்டு அங்கே பெரும் தொழிலாக நடத்தியது. நடுத்தரக் குடும்பத்து மேஜையில் டீ செட்டு ஒன்று வீற்றிருக்கத் தொடங்கியது இந்த மின்முலாமின் காலத்தில்தான். உங்களிடம் வருகிற செட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவையே. இரண்டுக்கும் நிறத்திலும் பேதமுண்டு. பழைய முறையில் பயன்பட்டது செம்பு கலந்த வெள்ளி; மின்முலாமில் படிவது கலப்பற்ற வெள்ளி; ஆகவே முன்னது சற்று மங்கலான தண்ணொளியும் பின்னது சுண்ணாம்பு போன்ற வெண்மையும் உடையவை. இரண்டையும் அருகருகே வைத்துச் சில முறை பார்த்த கண் பிறகு ஏமாறுவதில்லை.

மின்முலாமின் அடியில் இருக்கும் உலோகம் எது என்பதைச் சிரத்தையாக நிர்ணயிக்க வேண்டும்; ஏனெனில் ஆயுளும் விலையும் அதைப் பொறுத்தவை. ஈ.பி.என்.எஸ். என்ற நான்கெழுத்து இருந்தால் அடியில் இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. நம் வீட்டுப் பூஜை அறைகளில் ஜெர்மன் சில்வர் என்று வழங்குகிறதே, அதுவேதான். அதில் வெள்ளி குன்றிமணி எடைகூடக் கிடையாது. ஈ.பி.பி.எம். என்றிருந்தால் அடியில் இருப்பது பிரிட்டானியா உலோகம். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெள்ளீயம், மிச்சம் ஆண்டிமனியும் சிறிது செம்பும். நிக்கல் கலவை கெட்டியானது. விரலால் சுண்டினால் மணிபோல் ஒலிக்கும். தேய்ந்த இடத்தில் மஞ்சள் சாயலுள்ள சாம்பல் நிறம் காட்டும். பிரிட்டானியா மெதுவானது, ஒலி மழுங்கலாக இருக்கும், எளிதில் சொட்டை விழும், தேய்ந்த இடம் ஈயத்தின் கருநீலம் தோன்ற மங்கியிருக்கும். அதன் மூக்கோ கீலோ உடைந்தால், தெருமுனைப் பற்றவைப்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். சுவாலை சற்று அதிகமாகப் பட்டாலே அது உருகிப்போகும். தேய்ந்த இடத்தில் செந்நிறம் தெரிந்தால் அடியில் செம்பு. ஆனால் அதைக் கண்டவுடனே பழைய ஷெப்பீல்டு என்று முடிவுகட்டுவது கூடாது. செம்பின்மேல் மின்முலாம் இட்ட நகல்கள் இருபதாம் நூற்றாண்டில் ஏராளமாகச் செய்யப்பட்டன. அவற்றில் ஷெப்பீல்டு என்ற பெயரையே பெரிய எழுத்தில் பொறித்தும் வைத்தார்கள். பெயரை விட்டுவிட்டு மூட்டுக்கோட்டைத் தேடுங்கள்.

முத்திரைகளைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மயக்கம் மிகுந்த இடம் அதுதான். இங்கிலாந்தில் செய்த சுத்த வெள்ளிப் பாத்திரத்தில், நடந்து செல்லும் சிங்கமும், தரச்சோதனை செய்த நகரத்தின் அடையாளமும், ஆண்டைக் குறிக்கும் எழுத்தும், செய்தவரின் முதலெழுத்துக்களும் இருக்கும். 1773-இல் சோதனை நிலையங்கள் ஏற்பட்ட பர்மிங்காமுக்கு நங்கூரமும் ஷெப்பீல்டுக்கு 1974 வரை கிரீடமும் அடையாளங்கள். முலாம் செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஈ, பி, என், எஸ் என்ற எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அலங்கார வடிவத்தில், தனித்தனிச் சிறு கேடயங்களுக்குள் வரிசையாகப் பொறித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அரசாங்க முத்திரை வரிசை போலவே இருக்கும். சிங்கம் இல்லாத இவ்வரிசையைச் சுத்த வெள்ளி என்று வாங்கி ஏமாந்தவர்கள் பலர். சிலர் கிரீடத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். 1896-இல் அது தடுக்கப்பட்டது. எனவே முலாம் எழுத்துக்களோடு கிரீடமும் சேர்ந்திருந்தால் அப்பாத்திரம் அந்த ஆண்டுக்கு முற்பட்டது என்று கொள்ள இடமுண்டு.

காலத்தை அறிய வேறு சில ஆதாரங்களும் உண்டு. வைர வடிவக் கட்டத்துக்குள் எழுத்தும் எண்ணுமாக உள்ள முத்திரை, அந்த உருவமைப்பு 1842-க்கும் 1883-க்கும் இடையே பதிவு செய்யப்பட்டது என்பதைக் காட்டும். 1884 முதல் வெறும் பதிவு எண்ணே இட்டார்கள். அமெரிக்கச் சுங்கச் சட்டத்தின் காரணமாக 1891 முதல் ஏற்றுமதிப் பொருள்களில் இங்கிலாந்து என்ற நாட்டுப் பெயர் காணத் தொடங்கியது. இங்கிலாந்தில் செய்தது என்ற முழு வாசகம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எல்கிங்டன் கம்பெனியார் ஆண்டுக்கு ஓர் எழுத்தோ எண்ணோ தாமாகவே பொறித்து வந்தபடியால், அவர்களுடைய பாத்திரத்துக்கு ஆண்டையே துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஊதுகொம்பு வடிவம் இருந்தால் ஜேம்ஸ் டிக்ஸன் கம்பெனி. சிறு கொடிக்குள் எழுத்துக்கள் இருந்தால் வாக்கர் அண்டு ஹால். அமெரிக்க உற்பத்தியான 1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ் என்ற முத்திரையில் உள்ள எண் வியாபாரப் பெயரின் ஒரு பகுதி. எத்தனையோ பத்தாண்டுகள் கழித்துச் செய்தவற்றிலும் அதே எண்தான் இருக்கும். அதைச் செய்த ஆண்டாக எண்ணி விலைச்சீட்டு எழுதியவர்களை நம் ஊரிலேயே நான் கண்டிருக்கிறேன்.

நம் ஊர் என்றதும் நேர்மாறான ஓர் அபாயத்தையும் எச்சரிக்க வேண்டியவனாகிறேன். சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்டு சன்ஸ் போன்ற ஸ்தாபனங்கள், தெய்வ உருவங்கள் நிறைந்த சுவாமி வேலைப்பாட்டில் சுத்த வெள்ளியிலேயே டீ செட்டுகள் செய்வித்து விற்றன. கல்கத்தாவிலும் பிற இடங்களிலும் அப்படியே. அக்காலத்தில் இந்தியாவில் அரசாங்கத் தரச்சோதனை நிலையம் இல்லாமையால், அவற்றில் ஆங்கிலச் சிங்கம் இராது. கம்பெனியின் பெயர் மாத்திரம் இருக்கும். சிலவற்றில் அதுவும் இராது. சிங்கம் இல்லை, ஆகவே முலாம் என்று அனுமானித்து, இத்தகைய அரிய பாத்திரத்தை முலாம் விலைக்கு வாங்கிக்கொள்கிறவர் கொடுத்தவரின் சொத்தையே அபகரித்தவராகிறார். நீலகிரித் தேயிலைத் தோட்டத்து பங்களாக்களிலிருந்தும், எரிந்து மறைந்த மூர் மார்க்கெட்டின் பழைய கடைகளிலிருந்தும் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்த செட்டுகளில் இருவகையும் கலந்தே இருக்கின்றன.

சந்தேகம் வந்தால் அரத்தை எடுக்காதீர்கள். அடிவளையம், மூடியின் ஓரம், கைப்பிடியின் முதுகு, மூக்கின் நுனி, மேடாக எழும்பிய சித்திர வேலையின் முகடு ஆகிய இவ்விடங்களில் காலமே உங்களுக்காகத் தேய்த்து வைத்திருக்கிறது. பூதக்கண்ணாடியால் பார்த்தாலே போதும். காந்தம் இங்கே சாட்சியாகாது. வெள்ளியைப் போலவே நிக்கல் கலவையும் பிரிட்டானியாவும் அதில் ஒட்டுவதில்லை. எக்ஸ்ரே மானியை முழுவதும் நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அக்கருவி மேற்பரப்பின் மெல்லிய படலத்தை மாத்திரமே வாசிக்கிறது, கனமான முலாம் இட்ட தாம்பாளத்தின் நடுவில் வைத்தால் உயர்ந்த வெள்ளி என்றே சொல்லக்கூடும். தேய்ந்த இடத்திலும் தேயாத இடத்திலும் வைத்து, இரண்டு விடைகளையும் ஒப்பிட வேண்டும்.

இனி மதிப்பீடு. முலாம் வெள்ளியின் கனம் தலைமயிரின் கனத்துக்கும் குறைவு; அதை உருக்கிப் பிரிப்பதால் வருகிற வெள்ளி, பிரிக்கும் கூலிக்கே ஈடாகாது. ஆகவே தராசு இவ்விஷயத்தில் உபயோகமற்ற சாதனம். யார் செய்தார், யார் உருவமைத்தார், செட்டு முழுமையாக உள்ளதா, மேற்பரப்பு எந்த நிலையில் உள்ளது என்ற இவையே விலையை நிர்ணயிப்பவை. கிறிஸ்டோபர் டிரெஸ்ஸர் என்ற தாவரவியல் அறிஞர், 1870-களின் பிற்பகுதியில் தொடங்கி, பர்மிங்காமின் ஹுகின் அண்டு ஹீத், ஷெப்பீல்டின் ஜேம்ஸ் டிக்ஸன் முதலிய கம்பெனிகளுக்காக, அலங்காரத்தை அறவே நீக்கி, வட்டமும் சதுரமும் நேர்கோடுமாகவே தேநீர்க் கெண்டிகளை உருவமைத்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வரவிருந்த நவீன உருவமைப்பு முறையை அவை முன்னறிவித்தன. இன்று பெரிய கண்காட்சிச் சாலைகளில் வைத்துப் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் பல வெறும் மின்முலாம் பாத்திரங்களே. ஆயினும் அதே எடையுள்ள சுத்த வெள்ளிக் கெண்டியைப் போலப் பன்மடங்கு விலை பெறுகின்றன. மதிப்பு வெள்ளியில் இல்லை என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு சான்று வேண்டுவதில்லை. அலங்காரமில்லாத, கோணங்கள் கூர்மையான பழைய கெண்டி ஒன்று வந்தால், அடியில் அவர் கையொப்பத்தின் அச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பிற்காலத்து மறுபிரதிகளும் உண்டு என்பதையும் மறவாதீர்கள்.

மற்றொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்த சாதாரண ஈ.பி.என்.எஸ். செட்டுகள் உலகெங்கும் மிகுந்து கிடக்கின்றன. அவற்றைத் துலக்கிப் புழங்குகிற வழக்கமோ அருகிவிட்டது. ஆகவே அவற்றுக்குப் பெரிய கிரயம் கிடையாது. பாட்டனார் காலத்துச் சொத்து என்று நம்பி வருகிறவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுவதே தர்மம்.

முழுமையைப் பரிசோதிப்பதில் பொறுமை வேண்டும். கெண்டி, சர்க்கரைக் கிண்ணம், பால் குவளை ஆகிய மூன்றும் சேர்ந்தது மூன்று உருப்படிச் செட்டு. காப்பிக் கெண்டியோ வெந்நீர்க் கெண்டியோ சேர்ந்தால் நான்கு. ஸ்பிரிட் விளக்கின்மேல் தொங்கும் வெந்நீர்க் கெண்டியும் தாம்பாளமும் சேர்ந்த செட்டு விசேஷமானது. ஆனால் விளக்கு பெரும்பாலும் தொலைந்திருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே கம்பெனி முத்திரையும் ஒரே மாதிரி எண்ணும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். வெவ்வேறு செட்டுகளின் உருப்படிகளை ஒன்றாகச் சேர்த்துவைத்து விற்பது சகஜமாயிருக்கிறது. கைப்பிடியில் சூடு ஏறாமலிருக்க இரண்டு மெல்லிய வெண்வளையங்கள் இடையே பொருத்தப்பட்டிருக்கும். பழைய பாத்திரங்களில் அவை யானைத் தந்தமாக இருப்பதுண்டு. தந்த வாணிபம் இந்நாட்டில் சட்டத்தால் தடுக்கப்பட்டிருப்பதால், அத்தகைய பாத்திரத்தைத் தக்க ஆலோசனையின்றி விற்பனைக்கு வைப்பது உங்களுக்கே ஆபத்து. நூறாண்டு கடந்தவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும்.

துலக்குவதில் நடக்கும் சேதத்தை நினைத்தால்தான் எனக்கு மிகவும் வேதனையாயிருக்கிறது. விற்பனைக்கு முதல்நாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, எஃகு நாரால் சுரண்டி, நூறாண்டுகள் தப்பி நின்ற வெள்ளியை ஒரு பொழுதில் போக்கிவிடுகிறார்கள். நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீற்றால் தேய்க்கும் வழக்கம் சுத்த வெள்ளிக்குப் பெரிய தீங்கில்லை. முலாமுக்கு அதுவும் அதிகம். இளஞ்சூடான நீரும் சிறிது சோப்பும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். உருப்படிகளை ரப்பர் வளையத்தால் கட்டி வைக்காதீர்கள். அதிலுள்ள கந்தகம் அழியாத கருங்கோட்டை விட்டுச் செல்லும். புதிதாக முலாம் ஏற்றுவதைப் பற்றி என் தீர்மானம் இது: அன்றாடம் புழங்குவதற்கான சாதாரண ஈ.பி.என்.எஸ். செட்டுக்கு அது குற்றமில்லை. பழைய ஷெப்பீல்டு பாத்திரத்துக்கு ஒருக்காலும் கூடாது. அதில் வெள்ளியின் ஊடே செம்பு இளஞ்சிவப்பாகத் தோன்றுவது வயதின் அடையாளம். அதைத் தொட்டியில் அமிழ்த்தி வெளுத்துவிட்டால் மூட்டும் மடிப்பும் பதித்த துண்டும் எல்லாம் மறைந்து, இருநூறு ஆண்டுப் பழமையுள்ள பாத்திரம் நேற்றைய நகலிலிருந்து வேறுபாடு தெரியாமல் போய்விடும். விலையும் கூடவே போய்விடும்.

ஆகவே உங்களை நான் வேண்டிக்கொள்வது சில சிறிய காரியங்களே. செட்டைப் பிரித்து, கெண்டியை ஒருவருக்கும் பால் குவளையை வேறொருவருக்கும் விற்காதீர்கள். விலைச்சீட்டில் வெள்ளி என்று மொட்டையாக எழுதாமல், செய்த கம்பெனி இன்னது, அடியுலோகம் இன்னது, ஏறத்தாழ இன்ன காலம், இந்தக் கீல் பழுது பார்க்கப்பட்டது, இந்தக் கிண்ணம் வேறு செட்டைச் சேர்ந்தது, முலாம் புதிதாக ஏற்றப்பட்டது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். விற்க வந்தவர் வயோதிகராகவோ, கணவரை இழந்த அம்மையாராகவோ, பொருளின் தன்மை அறியாதவராகவோ இருந்தால், விலை பேசுவதற்கு முன்பே அந்தச் சீட்டை எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் கடைகளுக்கு வந்துபோகும் ஓர் அன்பன்